உலோகமும் அதனைச் சூழ்ந்தனவும்

ஊவாப் பருவத்தின் வறண்ட காற்று வீசுங்காலத்திற் பதுளைப் பகுதியின் தேயிலைத் தொழிற்சாலை யொன்றினுட் புகுவோரை முதலில் எதிர்கொள்வது மணமே. வாட்டிய கொழுந்தை இயந்திரத்திலிட்டு உருட்டி நசுக்கியதும் பச்சை நிறம் மாறிச் செம்பு நிறம் தோன்றுகின்றது. இதனை நொதித்தல் என்று வழங்கினும், உண்மையில் இஃது ஒட்சியேற்றமே.

இதனை நிகழ்த்தும் நொதியம் பொலிபீனோல் ஒட்சிடேசு. அதன் நடுவில் இரு செம்பணுக்கள் உள. ஒவ்வொன்றையும் மூன்று இஸ்ரிடீன்கள் நைதரசனாற் பற்றி நிற்கின்றன. இவ்வாறு உலோகத்தைப் பற்றி நிற்பவையே இணையிகள். இறாலின் குருதியிலுள்ள ஈமோசயனினிலும் இதே செம்பு, இதே பிடி. ஆயினும் அது ஒட்சிசனைச் சுமப்பதோடு அமைகின்றது. அங்கே செம்பை அணுகும் வழியைப் புரதத்தின் ஒரு பகுதி அடைத்து நிற்பதே காரணம். பசுந்தேயிலை செய்வோர் கொழுந்தை வெப்பமூட்டி நொதியத்தைச் சிதைக்கின்றனர். செம்பு இலையிலேயே இருந்தும் நிறம் மாறுவதில்லை.

ஐதரசனேற்றத்துக்கு இன்ன உலோகம் என்று மட்டுமே யானும் பல்லாண்டு மாணவர்க்குச் சொல்லி வந்தேன். அது பாதி விடையே. உருத்தேனியத்தை எடுத்துக்கொள்வோம். அதற்கு நெடுங்காலம் துணைநின்ற இணையிகள் பொசுபீன்கள். அவற்றைக் கொண்டு நொயோரி செய்த ஆய்வு 2001இல் நோபெல் பரிசு பெற்றது. காபீனோ நிலையற்றது என்றே கருதப்பட்டது. 1991இல் ஆர்டுவெங்கோ அதனைப் பளிங்காகப் பிரித்தெடுத்தார். இருபுறமும் நைதரசன் தாங்க, நடுக் காபன் தன் இலத்திரன் இணையைப் பொசுபீனினும் தாராளமாக உலோகத்துக்கு அளிக்கின்றது. பொசுபீனின் கிளைகள் உலோகத்தினின்று விலகிச் சாய்வன. காபீனின் கிளைகளோ உலோகத்தை நோக்கியே வளைந்து அதனை அணைப்பன. ஆதலால் கிளையிற் சிறு மாற்றமும் வினையில் எதிரொலிக்கும்.

இதற்குத் தெளிந்த சான்று செருமனியின் மூன்ஸ்டர் பல்கலைக்கழகத்தில் குளோரியசு குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வு. குவினொக்சலின் என்பது ஒட்டிய இரு வளையங்களாலானது: ஒன்றில் நைதரசன் உண்டு, மற்றையது முற்றும் காபன். வழக்கமாக ஐதரசன் ஏறுவது நைதரசன் வளையத்திலே. உருத்தேனியத்தை மாற்றாது காபீனை மட்டும் மாற்றியபோது, சில காபீன்களோடு காபன் வளையமே ஐதரசனைப் பெற்றது!

எனினும் காபீனே எங்கும் மேலானது என்பது மிகை. கீற்றோன்களின் ஐதரசனேற்றத்திற் பொசுபீன் ஊக்கிகளின் சிறப்புக் குன்றவில்லை. மேலும், காபீனின் கிளை உலோகத்தை நெருங்கி நிற்பதால், உருத்தேனியம் சிற்சில வேளை அக்கிளையின் காபன்–ஐதரசன் பிணைப்பையே உடைத்து அதனோடு தானே பிணைந்துகொள்கின்றது.