பானெட்டின் அடைத்த வாயைத் திறக்கும் முன்

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் பழைய பான்டியாக் ஃபயர்பேர்ட் டிரான்ஸ் ஆம் கார்களை வைத்திருப்போரில் பலர், பானெட்டின் நடுவே எழுந்து நிற்கும் ‘ஷேக்கர்’ என்னும் காற்றுக்கூட்டின் அடைப்பை அறுத்துத் திறப்பதை ஒரு மணி நேரத்தில் முடியும் சில்லறை வேலையாகக் கருதுகின்றனர். அறுப்பது உண்மையிலேயே எளிதுதான். ஆனால் அறுக்கும்போது எதைக் கழற்றி எறிகிறோம், அது எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறது, அடுத்த புகைச் சோதனையில் என்ன ஆகும் என்ற கேள்விகளை வேலை முடிந்த பிறகே கேட்பதால், சோதனையில் தோற்ற வண்டியும் பதிவு புதுப்பிக்கப்படாத வண்டியும் விற்க முடியாமல் கொட்டகையில் நிற்கும் வண்டியும் பெருகுகின்றன. இவற்றில் பெரும்பாலானவை, வேலைக்கு முன்பே உரிய தாள்களைப் பார்த்திருந்தால் நேர்ந்திராத இழப்புகள்.

1970-இல் வந்த இரண்டாம் தலைமுறை டிரான்ஸ் ஆமில் இந்தக் கூடு பானெட்டில் பொருத்தப்படாமல், பானெட்டில் வெட்டிய துளை வழியாக எஞ்சின் மீதே அமர்ந்திருந்தது. எஞ்சின் அதிரும்போது கூடும் சேர்ந்து அதிர்வதாலேயே அதற்கு அப்பெயர் வந்தது. அதன் வாய் பின்நோக்கி, ஓட்டத்தின்போது காற்றழுத்தம் கூடும் முன்கண்ணாடியின் அடிப்பகுதியைப் பார்த்திருந்தது. 1973 மாடல் முதல், இரைச்சல் கட்டுப்பாட்டு விதிகளின் நெருக்கடியால் அந்த வாய் அடைக்கப்பட்டு, கூடு வெறும் அலங்காரமாயிற்று.

திறப்பதால் கிடைக்கும் பயனைப் பற்றிய மிகை நம்பிக்கையே பல தவறுகளுக்கு வேர். வண்டியின் வேகமே காற்றை எஞ்சினுக்குள் தள்ளும் என்று நம்புவோர், மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று தரும் கூடுதல் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் அரை விழுக்காட்டைக்கூட எட்டாது என்பதை அறிவதில்லை. உண்மையான பயன் குளிர்ச்சியில் உள்ளது: பானெட்டுக்கு அடியில் 60 பாகை செல்சியஸில் கொதிக்கும் காற்றுக்குப் பதிலாக வெளியே உள்ள 30 பாகைக் காற்றை எஞ்சின் இழுத்தால், அக்காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 10 விழுக்காடு கூடுகிறது. இந்தப் பயனை ஷேக்கரை அறுக்காமலும் பெறலாம் என்பது பின்னர் விளக்கப்படுகிறது.

சட்டச் சிக்கலின் மையம் ஒரு சிறிய தகட்டில் இருக்கிறது. ஏர் ஃபில்டர் பெட்டியின் பக்கவாட்டில் மூக்குபோல நீளும் குழாய்க்குள் ஒரு மடிப்புத் தகடு உண்டு. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அத்தகடு வெளிக்காற்றை மறித்து, புகைபோக்கிக் குழாயைச் சுற்றியுள்ள உறையிலிருந்து சூடான காற்றைக் கார்புரேட்டருக்கு அனுப்புகிறது, வெப்பம் ஏறியதும் தானாகவே மாறிக்கொள்கிறது. எரியாத எரிபொருளும் கார்பன் மோனாக்சைடும் குளிர்ந்த எஞ்சினிலிருந்து அதிகம் வெளியேறுவதைக் குறைக்கவும், கார்புரேட்டருக்குள் பனி உறைவதைத் தடுக்கவும் வைக்கப்பட்ட ஏற்பாடு இது. ஷேக்கரின் வாயைத் திறந்தவுடன் காற்று இந்த மூக்குக்குழாயைத் தவிர்த்து மேலிருந்து நேரே இறங்கிவிடுகிறது. ஆகவே தகட்டைத் தொடாமல் விட்டாலும் அது வேலையற்றதாகிறது. பெரும்பாலானோர் தொடாமலும் விடுவதில்லை: மூக்கையும் சூடான காற்றுக் குழாயையும் கழற்றிக் குப்பையில் போடுகின்றனர், அவற்றை இயக்கிய மெல்லிய வெற்றிடக் குழாய்களின் முனையைக்கூட அடைப்பதில்லை. திறந்து கிடக்கும் அம்முனை வழியாக அளக்கப்படாத காற்று புகுந்து ஐடிலிங்கில் எஞ்சின் தடுமாறும்போது, கார்புரேட்டரைக் குற்றம் சொல்லி அதற்கும் பணம் செலவழிக்கின்றனர்.

கூட்டரசின் தூய காற்றுச் சட்டம், 203-ஆம் பிரிவில், உமிழ்வைக் கட்டுப்படுத்த வண்டியில் பொருத்தப்பட்ட எந்தக் கருவியையும் அகற்றுவதையும் செயலிழக்கச் செய்வதையும் தடை செய்கிறது. இத்தடை பட்டறைக்கு மட்டுமன்று, 1990-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பிறகு வண்டியின் உரிமையாளருக்கும் பொருந்தும். கலிஃபோர்னியாவின் வாகனச் சட்டத் தொகுப்பில் 27156-ஆம் பிரிவு, மாசுக் கட்டுப்பாட்டு அமைப்பின் மூல வடிவத்தை மாற்றும் உதிரிப்பொருளை, மாநிலக் காற்று வள வாரியம் விலக்களித்திருந்தாலன்றி, விற்பதையும் பொருத்துவதையும் தடுக்கிறது. அந்த விலக்கு ‘நிர்வாக ஆணை’ என்ற பெயரில், ஆங்கில ‘டி’ எழுத்தில் தொடங்கும் எண்ணோடு வழங்கப்படுகிறது. உதிரிப்பொருளை வாங்கும் முன் அந்த எண்ணைக் கேட்டு, வாரியத்தின் உதிரிப்பொருள் தரவுத்தளத்தில் அதே எண்ணையும், அது குறிப்பிட்ட ஆண்டு மாடலுக்கும் எஞ்சினுக்கும் உரியதா என்பதையும் சரிபார்த்து, ஆணையின் படியொன்றை வண்டியிலேயே வைத்திருக்க வேண்டும். ‘பந்தயப் பயன்பாட்டுக்கு மட்டும்’ என்று பெட்டியின் ஓரத்தில் அச்சிட்டிருப்பது விலக்கு ஆகாது. பொதுச் சாலையில் ஓடும் வண்டிக்கு அந்த வாசகம் எந்தப் பாதுகாப்பும் தராது.

இங்கே மிகப் பரவலான ஒரு தவறான கருத்தைத் திருத்தியாக வேண்டும். 1975-ஆம் ஆண்டு மாடலும் அதற்கு முந்தையனவும் இரண்டாண்டுக்கு ஒருமுறை நடக்கும் புகைச் சோதனையிலிருந்து விலக்குப் பெற்றவை. 1976 மாடலும் அதற்குப் பின்வந்தவையும் பெறாதவை. ‘பழைய வண்டிக்குச் சோதனை இல்லை’ என்று வாய்மொழியாகப் பரவும் செய்தி இந்த ஓராண்டு எல்லையைக் கவனிப்பதில்லை; 1998-இலிருந்து முப்பது ஆண்டுக்கணக்கில் நகர்ந்துவந்த விலக்கு, 2004-இல் இயற்றிய சட்டத்தால் இந்த எல்லையில் நிறுத்தப்பட்டது என்பதையும் அறிவதில்லை. அதைவிட முக்கியமானது: சோதனையிலிருந்து விலக்கு என்பது சட்டத்திலிருந்து விலக்கு அன்று. 1974 மாடலின் உரிமையாளரைச் சோதனை நிலையம் அழைக்காது, ஆனால் 27156-ஆம் பிரிவு அவரையும் கட்டுப்படுத்துகிறது.

1976 மாடலிலும் அதற்குப் பிந்தைய வண்டியிலும் பரிசோதகர் வால்குழாய்ப் புகையை மட்டும் அளப்பதில்லை. பானெட்டுக்கு அடியில் ஒட்டியுள்ள உமிழ்வுத் தகவல் வில்லையைப் பார்த்து, அதில் சொன்ன கருவிகள் அந்தந்த இடத்தில் உள்ளனவா என்று கண்ணால் சரிபார்க்கிறார்; மூக்குக்குழாய் இல்லையென்றால் புகை எவ்வளவு தூய்மையாக இருந்தாலும் வண்டி தோற்கும். எனவே அந்த வில்லையை, பெயிண்ட் அடிக்கும்போது உரித்து எறியக் கூடாது.

சேகரிப்பு வண்டிகளுக்கு உடல்நல, பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் 44011-ஆம் பிரிவு ஒரு குறுகிய வழியைத் திறந்துவைத்திருக்கிறது. அதைப் பயன்படுத்தத் தகுதியுள்ள பலருக்கு அது இருப்பதே தெரியாது. வண்டி குறைந்தது 35 மாடல் ஆண்டுகள் பழையதாகவும், சேகரிப்பு வண்டியாகவே காப்பீடு செய்யப்பட்டதாகவும் இருந்தால், உரிமையாளர் வாகனப் பழுதுபார்ப்புப் பணியகத்தின் புகைச் சோதனை நடுவரிடம் முன்பதிவு செய்து செல்லலாம். அங்கே அந்த ஆண்டு மாடலுக்குரிய வால்குழாய் அளவுகள், எரிபொருள் தொட்டி மூடியின் செயல்பாடு, எரிபொருள் கசிவு ஆகியவை மட்டுமே பார்க்கப்படுகின்றன. காப்பீட்டுத் தாளைக் கையில் கொண்டுசெல்ல வேண்டும்; அதில் ‘சேகரிப்பு வண்டி’ என்று இல்லாமல் சாதாரணக் காப்பீடு இருந்தால் இந்த வழி மூடப்படும். சாதாரணச் சோதனை நிலையத்தில் இச்சலுகையைக் கேட்டு வாதாடுவது வீண். அது நடுவரிடம் மட்டுமே கிடைக்கும். இச்சோதனையில் தேறுவது கருவியை அகற்றியதை முறைப்படுத்திவிடாது என்பதையும் மறக்கக் கூடாது. விலக்கு ஆணைக்கு ஒரு வாரியம், சோதனைக்கு ஒரு பணியகம், பதிவுக்கு மோட்டார் வாகனத் துறை என்று பொறுப்பு மூன்றாகச் சிதறியிருப்பதும், இவற்றை ஒரே தாளில் எழுதித் தர யாரும் முன்வராததும் உரிமையாளரின் குழப்பத்தில் பெரும்பங்கு வகிக்கின்றன. ஆனால் அக்குழப்பம் அபராதத்திலிருந்து அவரைக் காப்பாற்றாது.

வேலையைப் பட்டறையிடம் கொடுப்போருக்கு வேறு சில உரிமைகளும் உண்டு. கலிஃபோர்னியச் சட்டப்படி வேலை தொடங்கும் முன் எழுத்துப்பூர்வ மதிப்பீடு தரப்பட வேண்டும். அதைத் தாண்டிய செலவுக்கு வாடிக்கையாளரின் ஒப்புதல் வேண்டும். மாற்றிய பழைய பாகங்களைத் திருப்பிக் கேட்கும் உரிமையும் உண்டு, ஆனால் வேலை ஆணையில் கையெழுத்திடும்போதே கேட்க வேண்டும், முடிந்த பிறகு கேட்டால் அவை குப்பைக்குப் போயிருக்கும். மூக்குக்குழாய், சூடான காற்றுக் குழாய், வெப்பமுணரி, பழைய ஷேக்கர் ஆகிய நான்கின் பெயரையும் ஆணையிலேயே எழுதச் சொல்வது நல்லது. பட்டறை மறுத்தால் அதே பணியகத்தில் புகார் அளிக்கலாம்.

அறுப்பதற்கு அசல் ஷேக்கரைத் தொடவே கூடாது. புதிதாகச் செய்து விற்கும் மாதிரிக் கூடுகள் சந்தையில் கிடைக்கின்றன. அவற்றில் ஒன்றை வாங்கி வெட்டி, அசலை அடைப்போடு துணியில் சுற்றி வைத்தால், வண்டியின் சேகரிப்பு மதிப்பும் குறையாது, திரும்ப மாட்டவும் முடியும். இதைவிட நல்ல வழி, மூக்குக்குழாயின் முனையிலிருந்து ரேடியேட்டரின் பக்கமுள்ள முன்பகுதி வரை ஒரு குளிர்காற்றுக் குழாயை இழுப்பது. மடிப்புத் தகடு தன் வேலையைத் தொடர்கிறது, எஞ்சினும் வெளிக்காற்றையே சுவாசிக்கிறது. இக்குழாயைத் தனிப்பொருளாக வாங்குவதானாலும் விலக்கு எண்ணைக் கேட்டே வாங்க வேண்டும். அப்படியும் ஷேக்கரைத் திறந்தே தீருவோர், ஃபில்டருக்கும் கூட்டுக்கும் இடையிலான ரப்பர் வளையம் பிளவின்றி இருப்பதையும், வண்டி கழுவும்போது அந்த வாய் மூடப்படுவதையும் உறுதிசெய்ய வேண்டும். ஃபில்டரின்றி ஓட்டினால், கார்புரேட்டர் பின்னோக்கி வெடிக்கும்போது தீயைத் தடுக்க ஏதும் இராது.

புகைச் சோதனைக்கு உட்பட்ட வண்டியானால், விற்பனையின்போது தேறிய புகைச் சான்றிதழை வாங்குபவருக்குக் கொடுப்பது விற்பவரின் கடமை, அது 90 நாட்களுக்குச் செல்லும். ‘உள்ளது உள்ளபடி’ என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினாலும் அக்கடமை நீங்காது. வாங்குபவர் பணம் கொடுக்கும் முன் ஷேக்கரின் வாயை விரலால் தடவிப் பார்த்து, அது திறந்திருந்தால் மூக்குக்குழாயும் சூடான காற்றுக் குழாயும் பெட்டியில் இருக்கின்றனவா என்று கேட்க வேண்டும். அவை இல்லையென்றால், அவற்றைத் தேடி வாங்கி மீண்டும் பொருத்தும் செலவை விலையிலிருந்து கழித்த பின்னரே பேரத்தைத் தொடர வேண்டும்.