கேட்டது வீடு வரை வரவேண்டும்!

சாத்தூர் என்றதும் காரச்சேவு நினைவுக்கு வரும். வெள்ளரிக்காய் நினைவுக்கு வரும். தீப்பெட்டியும் நினைவுக்கு வரும்.

ஒரு காலத்தில் இந்தச் சீமை, பிரசங்கிகளுக்குப் பெரிய பரீட்சைக் களமாக இருந்தது!

கூடாரத்தில் பாதிரியார்

தாமஸ் ராக்லண்ட் என்று ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார். மகா புத்திசாலி. 1841-ம் ஆண்டு கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் கணிதப் பரீட்சையில் நான்காவதாகத் தேறியவர்.

1846-ல் அவர் சென்னைக்கு வந்தார். 1854-ல் சிவகாசி வட்டாரத்துக்கு வந்தார். அப்போது சாத்தூரும் சிவகாசியும் திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தன.

அவரும் அவருடைய தோழர்களும் கூடாரம் அடித்துத் தங்கினார்கள். ஊர் ஊராகப் போய்ப் பேசினார்கள். தெற்கே இருந்து தமிழ் உபதேசியார்களும் வந்து துணை நின்றார்கள்.

அங்கே கணிதப் படிப்பு உதவுமா? உதவாது!

சர்ச்சில் உட்கார்ந்திருப்பவர், புரியாவிட்டாலும் மரியாதைக்காக இருப்பார். தெருவில் நிற்பவர் அப்படி அல்ல. பேச்சு புரியாவிட்டால் மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விடுவார். அந்த நாளில் கிராமத்தாரில் பெரும்பாலோருக்கு எழுத்துத் தெரியாது. காதுதான் அவர்களுக்குப் புத்தகம்.

ராக்லண்ட் 1858 அக்டோபர் 22-ந் தேதி சிவகாசியில் காலமானார். அப்போது அவருக்கு வயது 43.

யாழ்ப்பாணத்தில் ஒரு வெள்ளிக்கிழமை

பாதிரிமாரின் பேச்சு முறையை அருகில் இருந்து கவனித்த தமிழர் ஒருவர் உண்டு. அவர்தான் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர்.

பெர்சிவல் பாதிரியாருடன் பைபிளைத் தமிழாக்கும் வேலையில் அவர் இருந்தார். ஆனால் அவர் சைவத்தை விடவில்லை. பாதிரிமாரை எதிர்த்து நின்றார். ஆனாலும் அவர்களிடம் இருந்த நல்ல முறையை எடுத்துக்கொண்டார்.

1847 டிசம்பர் 31, வெள்ளிக்கிழமை. வண்ணார்பண்ணைச் சிவன் கோவிலில் அவர் தம் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். புராணப் பாட்டைப் படித்துப் பயன் சொல்வது பழைய வழக்கம். நாவலர் ஒரு பொருளை எடுத்துக்கொண்டார். அதை வசன நடையில் விளக்கினார்.

சமயம் வேறு. ஆனால், பேசும் வழி ஒன்று!

சிறுவனுக்குக் கேள்வி

திருமுருக கிருபானந்த வாரியாரை (1906-1993) மறக்க முடியுமா? முன்வரிசையில் சிறுவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். கதையின் நடுவே அவர்களிடம் கேள்வி கேட்பார். சரியாகச் சொன்ன பிள்ளைக்குப் பரிசு கொடுப்பார்.

இது வெறும் விளையாட்டா? இல்லை. பிள்ளைக்குப் புரிந்தால் கூட்டத்தில் எல்லோருக்கும் புரியும்!

எப்படிப் பேசுவது?

கோவிலோ, சர்ச்சோ, பள்ளிவாசலோ, எங்கே பேசினாலும் வழி இதுதான்:

ஒரு பேச்சுக்கு ஒரு கருத்து போதும். பத்துக் கருத்தைச் சொன்னால் பத்தும் மறந்து போகும்.

சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசவேண்டும். காதால் கேட்பவர், விட்டுப்போனதைத் திருப்பிப் பார்க்க முடியாது.

கேட்பவரின் வாழ்க்கையில் இருந்தே உவமை சொல்லவேண்டும். சாத்தூரில் பேசுகிறவர் பனிமலையைத் தேடிப் போகவேண்டாம். ஒரு தீக்குச்சி போதும். அதன் தலையில் மருந்து கொஞ்சம்தான் இருக்கிறது. ஆனால் வீட்டு அடுப்பையே அது பற்றவைக்கிறது!

சொல்லி முடித்ததும் நிறுத்தவேண்டும். 'கடைசியாக ஒன்று' என்று மூன்று தடவை சொல்லக்கூடாது.

யாருக்கு வெற்றி?

பகல் எல்லாம் தீப்பெட்டி ஆபீசில் உழைத்த ஒரு தாய், இரவில் பிரசங்கம் கேட்க வருகிறாள். அவள் கொடுப்பது காசு அல்ல. தன் தூக்கத்தைக் கொடுக்கிறாள். அதை வீணாக்கலாமா?

அவள் வீடு திரும்புகிறாள். "என்னம்மா சொன்னாங்க?" என்று மகன் கேட்கிறான்.

"ரொம்ப நல்லாப் பேசினாருப்பா. ஒண்ணும் ஞாபகமில்லே" என்று அவள் சொன்னால், பிரசங்கி தோற்றுப்போனார்.

"இங்கே உட்காரு, சொல்றேன்" என்று அவள் தொடங்கினால், அவர் ஜெயித்துவிட்டார்!