சர்வகலாசாலைப் பட்டமும் ஊராரின் பங்கும்

ஆண்டுதோறும் சர்வகலாசாலைகளில் பட்டமளிப்பு வைபவம் நடைபெறுகின்றது. பரீட்சையில் தேறிய மாணவரோடு பிரமுகர் சிலரும் மேலங்கி தரித்துக் கௌரவப் பட்டம் பெறுகின்றனர். மறுநாள் பத்திரிகைகளில் அவர்கள் படம் வெளிவருகின்றது. ஆனால் அப்பட்டத்தால் பெருமையடைந்தது பெற்றவரா, கொடுத்த ஸ்தாபனமா என்று ஆராய்வார் அரியர். இதற்கு விடை காண, 1932-ஆம் வருஷத்து நிகழ்ச்சி ஒன்றை நேயர்கள் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

அவ்வருஷத்தில் சென்னைச் சர்வகலாசாலை மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையருக்கு டாக்டர் பட்டம் வழங்கிற்று. அப்போது ஐயருக்கு வயது 77. சீவகசிந்தாமணியை அவர் அச்சிட்டு வெளியிட்டது 1887-இல். பத்துப்பாட்டு 1889-இலும், சிலப்பதிகாரம் 1892-இலும், புறநானூறு 1894-இலும், மணிமேகலை 1898-இலும் வெளிவந்தன. அந்நிய அரசாங்கமே 1906-இல் அவருக்கு மகாமகோபாத்தியாயப் பட்டம் அளித்தது. பாரதியாரும் அதுபற்றிப் பாடினார். அதற்குப் பின்னும் 26 வருஷங்கள் கழித்தே, 1857-இல் தோன்றிய நம் சர்வகலாசாலைக்கு அவர் நினைவு வந்தது!

தாமதம் ஒருபுறம் இருக்கட்டும். ஐயர் எந்தச் சர்வகலாசாலையிலும் பயின்றவரல்லர். அவருக்குத் தமிழ் கற்பித்தவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. அவரை ஆதரித்தது திருவாவடுதுறை ஆதீனம். 1880-இல் தாம் வகித்த கும்பகோணம் காலேஜ் தமிழாசிரியர் பதவியை அவருக்குக் கிடைக்கச் செய்தவர் தியாகராச செட்டியார். அவ்வூரில் முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியார், "சிந்தாமணி படித்ததுண்டா?" என்ற கருத்துப்படக் கேட்டதே அவரைப் புதிய பாதையில் செலுத்தியது. அந்நூலின் சமயக் கருத்துக்களில் ஐயம் நேர்ந்தபோது, விளக்கம் கூறி உதவியவர்கள் கும்பகோணத்து ஜைன அன்பர்கள். மூங்கிற் பெட்டிகளிலும் பரண்களிலும் ஏடுகளைப் பரம்பரையாகக் காத்து வைத்தவர்களோ, பெயர் விளங்காத கிராமவாசிகள்.

எனவே 1932-இல் சூட்டப்பட்ட மாலை தனி ஒருவர் கழுத்தில் விழுந்ததாயினும், அதைத் தொடுத்தவர்கள் பலர். மடமும், கச்சேரியும், வியாபாரக் குடும்பங்களும், கிராமத்து வீடுகளும் கூடிச் செய்த தொண்டை ஐயர் தம் தளராத உழைப்பால் ஒன்றுபடுத்தினார். ஊராரின் உறவில்லாவிடில் சங்க நூல்கள் கரையானுக்கு இரையாகியிருக்கும். பின்னர்ச் சர்வகலாசாலைக்குக் கற்பிக்கத்தான் என்ன மிஞ்சியிருக்கும்?

மதிற்சுவருக்குள் ஒடுங்கி, பரீட்சை நடத்துவதும் சான்றிதழ் அச்சிடுவதுமே தம் கடன் எனக் கருதும் சர்வகலாசாலை, ஜனங்களின் பொருளை உண்டு ஜனங்களை மறந்ததாகும். நாட்டில் இன்னும் படியெடுக்கப்படாத சுவடிகளுண்டு. ஸ்தபதிகளிடமும், கம்மியரிடமும், நெசவாளரிடமும், உழவரிடமும் எழுத்தில் ஏறாத சாஸ்திரமுண்டு. பேராசிரியர்கள் மாணவர்களை அழைத்துக்கொண்டு அவர்கள் வாசலுக்குச் செல்லட்டும். கற்பிக்க மட்டுமல்ல, கற்கவும் செல்லட்டும். அங்கே கிடைக்கும் விஷயத்தை அச்சேற்றும்போது, கொடுத்தவர் பெயரையும் முதற் பக்கத்திலேயே பொறிக்கட்டும்.

கௌரவப் பட்டம் வழங்குவதிலும் இந்நெறியே தகும். செல்வமும் பதவியும் உடையாருக்கு மாலைகள் குறைவதில்லை. பட்டத்தால் அவர்களுக்கு வரும் புதுமையும் இல்லை. ஊருக்குழைத்து, உலகறியாது ஒதுங்கியிருப்பவரைத் தேடிப் பிடித்து, அவர் கண் தெரியும் காலத்திலேயே பட்டம் அளிப்பதுதான் கல்விக்கு அழகு. அங்ஙனம் செய்யும் சர்வகலாசாலைக்கு நாட்டு ஜனங்களே கௌரவப் பட்டம் சூட்டுவார்கள். அதனினும் உயர்ந்த விருது எந்த ஸ்தாபனத்துக்கும் இல்லை.