அக்குட்டான் சீரோ

அக்குட்டான் சீரோ என்பது இரண்டாம் உலகப் போரின்போது அலாஸ்காவைச் சேர்ந்த அக்குட்டான் தீவில் ஐக்கிய அமெரிக்கா கைப்பற்றிய ஜப்பானியச் சண்டை வானூர்தி ஆகும். இது மிட்சுபிசி ஏ6எம்2 சீரோ வகையைச் சேர்ந்தது. பழுது நீக்கப்பட்ட இவ்வானூர்தியை அமெரிக்கக் கடற்படை சோதனைக்கும் பயிற்சிக்கும் பயன்படுத்தியது.

பின்னணி

எடை குறைந்த சீரோ, விரைவாக மேலேறவும் குறுகிய வட்டத்தில் திரும்பவும் வல்லது. பசிபிக் போரின் தொடக்கத்தில் நேச நாட்டு விமானிகளால் அதனைச் சமாளிக்க இயலவில்லை. ஆனால் எரிபொருள் கலன்களுக்கும் விமானிக்கும் அதில் போதிய பாதுகாப்பு இல்லை.

கைப்பற்றப்படல்

1942 சூன் 4 அன்று ரியூஜோ என்ற வானூர்தி தாங்கிக் கப்பலிலிருந்து டச்சு துறைமுகத்தைத் தாக்கச் சென்ற ததயோசி கோகாவின் சீரோவில் எண்ணெய்க் குழாய் சேதமுற்றது. 19 வயதான கோகா, புல்வெளி போலத் தோன்றிய சதுப்பு நிலத்தில் சக்கரங்களை இறக்கித் தரையிறங்கினார். சக்கரங்கள் சேற்றில் புதைந்து வானூர்தி தலைகீழாகக் கவிழ்ந்ததில் அவர் இறந்தார். எதிரியிடம் சிக்கக்கூடிய சீரோக்களை அழிக்க வேண்டும் என்பது கட்டளை. எனினும் கோகா உயிருடன் இருக்கலாம் எனக் கருதிய சக விமானிகள் சுடாமல் திரும்பினர். சூலை 10 அன்று அமெரிக்கச் சுற்றுக்காவல் வானூர்தி ஒன்று இதனைக் கண்டது.

சோதனைகள்

சான் டியேகோவில் பழுது நீக்கப்பட்ட பின், 1942 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் எடி சாண்டர்சு இதனை 24 முறை பறக்கவிட்டார். தெரியவந்த முதன்மைக் குறைகள்:

* 200 நாட்டுக்கு (மணிக்குச் சுமார் 370 கி.மீ.) மேற்பட்ட வேகத்தில், வானூர்தியைப் பக்கவாட்டில் உருளச் செய்யும் இறக்கைப் பரப்புகளை அசைப்பது கடினமானது.
* வலப்புறம் உருள்வதைவிட இடப்புறம் உருள்வது எளிதாக இருந்தது.
* மூக்கைத் திடீரெனக் கீழே தாழ்த்தினால், மிதவை வகைக் கார்புரேட்டரில் எரிபொருள் வழங்கல் தடைப்பட்டு இயந்திரம் நின்றது.

எனவே, சீரோ பின்தொடர்ந்தால் செங்குத்தாகக் கீழ்நோக்கிப் பாய்ந்து, அதிவேகத்தில் வலப்புறம் உருண்டு தப்புமாறு விமானிகளுக்கு அறிவுறுத்தப்பட்டது.

முக்கியத்துவம்

எஃப்6எஃப் எல்கேட் வானூர்தி இந்தச் சீரோவைப் பார்த்தே வடிவமைக்கப்பட்டது என்ற கருத்து தவறானது. எல்கேட்டின் முதல் மாதிரி 1942 சூன் 26 அன்றே, அதாவது இது கண்டுபிடிக்கப்படும் முன்பே, பறந்துவிட்டது. சீரோவை எதிர்க்கும் தாச்சு நெசவு உத்தியும் 1941இல் உருவானதாகும். இந்த வானூர்தியின் பயன் புதிய வடிவமைப்பில் அன்று, ஊகங்களுக்குப் பதிலாக அளந்தறிந்த தகவல்களை விமானிகளுக்கு அளித்ததில் இருந்தது.

முடிவு

1945 பெப்ரவரியில் சான் டியேகோவில் தரையில் நகர்ந்துகொண்டிருந்தபோது, மற்றொரு அமெரிக்க வானூர்தி மோதி அதன் சுழலி வெட்டியதில் இது அழிந்தது.