எழுந்து நின்றவரின் மண்டைக்குள்

11-வது சுற்று முடியச் சில வினாடிகள்தான் பாக்கி. கிறிஸ் யூபேங்க் கேன்வாஸில் கிடக்கிறார். அவரை அடித்து வீழ்த்திய மைக்கேல் வாட்சன் பாயிண்ட் கணக்கிலும் முன்னால் இருக்கிறார். 1991 செப்டம்பர் 21, லண்டன் வைட் ஹார்ட் லேன் கால்பந்து மைதானம். டபிள்யூ.பி.ஓ. சூப்பர் மிடில்வெயிட் பட்டத்துக்கான சண்டை. இன்னும் ஒரு சுற்றை ஓட்டிவிட்டால் பெல்ட் வாட்சனுக்கு.

யூபேங்க் எழுந்தார். எழுந்த கையோடு கீழிருந்து மேலாக வலது கையால் ஓர் அப்பர்கட். வாட்சன் அப்படியே பின்னால் சாய்ந்தார். பின்கழுத்து ரிங்கின் கயிற்றில் மோதியது. அவரும் எழுந்துவிட்டார். மணி அடித்தது.

12-வது சுற்றுக்கு வாட்சன் வந்தார், ஆனால் வந்த அடிகளைத் தடுக்கக் கை எழவில்லை. நடுவர் ராய் ஃபிரான்சிஸ் குறுக்கே புகுந்து சண்டையை நிறுத்தினார். தன் மூலைக்குத் திரும்பி ஸ்டூலில் உட்கார்ந்த வாட்சன், உட்கார்ந்தபடியே நினைவிழந்தார். வயது 26.

விழுந்தவருக்கு அடி எவ்வளவு பலம் என்று ரிங்கில் எப்படிப் பார்க்கிறார்கள்? பத்து எண்ணுகிறார்கள். கால் தள்ளாடுகிறதா, பார்வை நேராக நிற்கிறதா என்று கவனிக்கிறார்கள். மூளை அதிர்ந்து ஒரு கணம் அணைந்து எரிந்ததா என்பதை அறிய இது ஓரளவு போதும். ஆனால் மண்டைக்குள் ஒரு சிரை கிழிந்திருந்தால் அதை எந்த எண்ணிக்கையும் காட்டிக்கொடுக்காது. கசிந்த ரத்தம் சேர நிமிடங்கள் ஆகலாம், சில சமயம் மணிக்கணக்கும் ஆகலாம். பைக்கிலிருந்து விழுந்தவர் தானே எழுந்து, 'ஒண்ணுமில்லை' என்று சொல்லி டீயும் குடித்துவிட்டு, வீட்டுக்குப் போய் மயங்குகிறாரே, அதுவும் இதே கதைதான்.

ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் எடுத்து, அதில் ஒரு துளசி இலையை மிதக்கவிட்டு, சொம்பைச் சட்டென்று திருகிப் பாருங்கள். சொம்பு திரும்பும், இலை இருந்த இடத்திலேயே நிற்கும். மண்டையோடும் மூளையும் ஏறக்குறைய அப்படித்தான். சுமார் 1.4 கிலோ எடையுள்ள மூளை, கெட்டித் தயிர் போல இளகியது, திரவத்தில் மிதக்கிறது. அதன் மேற்பரப்பிலிருந்து மெல்லிய சிரைகள் கிளம்பி, தடித்த மூளையுறையை ஒட்டி உச்சந்தலையின் கீழ் ஓடும் பெரிய ரத்தக் கால்வாயில் சேர்கின்றன. ஒரு முனை மூளையோடு, மறுமுனை உறையோடு. தலை வெடுக்கென்று திரும்பும்போது உறை மண்டையோட்டுடன் போய்விடுகிறது, மூளை பின்தங்குகிறது. நடுவில் மாட்டிய சிரை இழுபட்டு அறுகிறது. உறைக்கும் மூளைக்கும் இடையில் கட்டும் இந்த ரத்தத்துக்குத்தான் மருத்துவர்கள் சப்டியூரல் ஹெமடோமா என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

நேராக வந்து மோதும் அடியைவிடத் தலையைச் சுழற்றும் அடியே மூளைக்கு எமன் என்பதை ஹோல்போர்ன் என்ற ஆக்ஸ்ஃபோர்டு இயற்பியலாளர் 1943-இலேயே எழுதிவிட்டார். மண்டையோட்டின் வடிவத்தில் ஜெலட்டினை வைத்துத் திருகி, உள்ளே எங்கெங்கே இழுவிசை கூடுகிறது என்று அவர் பார்த்தார். தாடை ஒரு நெம்புகோல். அதன் நுனியில் விழும் அப்பர்கட் தலையைப் பின்பக்கமாகச் சுழற்றுகிறது. கழுத்துத் தசை இறுகி நின்றால் சுழற்சியின் ஒரு பங்கை உடம்பு வாங்கிக்கொள்ளும். முப்பது நிமிடத்துக்கு மேல் அடிபட்டுக் களைத்த கழுத்து அப்படி நிற்பது கடினம். கடைசிச் சுற்றுகளில் விழுவதைக் கண்டு ரிங் மருத்துவர்கள் பயப்பட இது ஒரு காரணம். தென்கொரியாவின் கிம் டுக்-கூ 1982-இல் லாஸ் வேகஸில் ரே மன்சினியிடம் 14-வது சுற்றில் விழுந்து, நான்கு நாளில் இறந்தார். அதன் பிறகுதான் 15 சுற்றுச் சண்டை 12 சுற்றாகக் குறையத் தொடங்கியது. வாட்சன் சண்டை 12 சுற்றுச் சண்டைதான்.

அவரைச் சாய்த்தது அந்த ஒரு குத்தா, கயிறா, அதற்கு முன் பத்துச் சுற்றுகளில் வாங்கிய அடிகளா? 'அந்த அப்பர்கட்' என்று விரல்நீட்டிச் சொல்வது தொலைக்காட்சிக்கு வசதி. கிழிந்த சிரையில் நேரம் எழுதியிருக்காது. என்னைக் கேட்டால், இந்தக் கேள்வியை விட்டுவிட்டு அடுத்த அரை மணி நேரத்தைப் பார்ப்பதே பயனுள்ளது. மூளைக்காயத்துக்கு இரண்டு தவணை உண்டு. முதல் தவணை, அடி விழுந்த கணம். இரண்டாவது, ரத்தக்கட்டு பெருகப் பெருக மூளை நசுங்கும் நேரம்.

மண்டையோடு விரிந்து கொடுக்காத பெட்டி. உள்ளே ரத்தம் சேரும்போது முதலில் மூளையைச் சூழ்ந்த திரவம் முதுகுத்தண்டுப் பக்கம் ஒதுங்கி இடம் விடும். அது மொத்தமே சுமார் 150 மில்லிதான். அதற்குமேல் ஒவ்வொரு சொட்டுக்கும் அழுத்தம் எகிறும். இதயம் அனுப்பும் ரத்தம் மேலே ஏற முடியாமல் திணறும். மூளை ஒருபக்கமாகப் பிதுங்கிக் கண் நரம்பை அழுத்தும்போது ஒரு கண்ணின் பாப்பா மட்டும் விரிந்து நிற்கும். டாக்டர் டார்ச் அடித்துத் தேடுவது இதைத்தான். நினைவிழந்தவர் சரியாக மூச்சுவிடாவிட்டால் நிலைமை இன்னும் மோசம்: ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு கூடும், அதனால் மூளையின் ரத்தக்குழாய்கள் விரியும், ஏற்கெனவே இடமில்லாத பெட்டியில் இன்னும் நெரிசல். தொண்டையில் குழாய் இறக்கி ஆக்ஸிஜன் கொடுப்பதுதான் முதல் வைத்தியம். ஆபரேஷன் அப்புறம்.

வாட்சனுக்கு அந்த முதல் வைத்தியம் ரிங் அருகே கிடைக்கவில்லை. சண்டை முடிந்ததும் ரிங்குக்கு உள்ளும் வெளியும் ஒரே ரகளை. டாக்டர் ஒருவர் அவரைப் பரிசோதிக்க ஏழு நிமிடம் ஆனது. டாக்டர்கள் வந்திருந்தார்கள், ஆம்புலன்ஸும் நின்றது. ஆனால் குழாய் இறக்கத் தேர்ந்த ஆளும் கருவியும் பக்கத்தில் இல்லை. நார்த் மிடில்செக்ஸ் மருத்துவமனைக்குப் போய்ச் சேர ஏறக்குறைய அரை மணி. அங்கேதான் ஆக்ஸிஜன், மூளை வீக்கத்தை வடிக்கும் மானிட்டால். மூளை அறுவைக்கு அங்கிருந்து செயின்ட் பார்தலோமியூ மருத்துவமனைக்கு மாற்றினார்கள். இந்த வகை ரத்தக்கட்டை நான்கு மணி நேரத்துக்குள் எடுத்தால் கோமா நோயாளிகளில் 30 சதவீதம் பேரும், தாமதித்தால் 90 சதவீதம் பேரும் இறந்ததாக 1981-இலேயே ஓர் அமெரிக்க ஆய்வு சொல்லியிருந்தது. வாட்சன் 40 நாள் கோமாவில் கிடந்தார். அறுவை நிபுணர் பீட்டர் ஹாம்லின் தலையைத் திறந்தது ஆறு முறை. உயிர் மிஞ்சியது, உடலின் ஒரு பக்கம் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

பிரிட்டிஷ் குத்துச்சண்டை வாரியத்தின் மீது அவர் வழக்குப் போட்டார். குத்தியதற்காக அல்ல, இரண்டாவது தவணைக்காக. சண்டையை நாங்கள் நடத்தவில்லை, விதிகளை மட்டுமே வகுக்கிறோம் என்று வாரியம் வாதாடிப் பார்த்தது. 1999-இல் தோற்றது, 2000 டிசம்பர் 19-இல் மேல்முறையீட்டிலும் தோற்றது. இழப்பீடு 4 லட்சம் பவுண்டில் முடிந்தது.

தீர்ப்புக்கு முன்பே ரிங் ஓரத்து ஏற்பாடுகள் மாறியிருந்தன. 1998 மே மாதம் ராயல் ஆல்பர்ட் ஹாலில் 10-வது சுற்றில் விழுந்த ஸ்பென்சர் ஆலிவருக்கு அங்கேயே சிகிச்சை தொடங்கியது. ரத்தக்கட்டு அகற்றப்பட்டுத் தேறியவர், பின்னாளில் தொலைக்காட்சியில் குத்துச்சண்டை வர்ணனை செய்தார். மேல்முறையீட்டுத் தீர்ப்புக்குச் சரியாக மூன்று நாள் முன்பு, ஷெஃபீல்டில், உலக சாம்பியன் பால் இங்கிள் 12-வது சுற்றில் விழுந்தார். அவருக்கும் ரத்தக்கட்டை அகற்றினார்கள். பிழைத்தார். மறுபடி ரிங் ஏறவில்லை. மூளையில் பட்ட காயமும் முழுதாக ஆறவில்லை.