எம்-16 துப்பாக்கி புகட்டிய பாடம்

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது நம் முன்னோர் மொழி. 1960 களின் நடுப்பகுதியில் வியட்நாம் போர்க்களத்தில் அமெரிக்கத் துருப்பினர் இம்மொழியின் பொருளை உயிர்ப்பலி கொடுத்தே அறிய நேர்ந்தது. உலகின் பெரும் வல்லரசு தன் படையினருக்கு வழங்கிய எம்-16 ரகத் துப்பாக்கி, சண்டையின் நடுவே திரும்பத் திரும்பச் செயலிழந்தது. சில சிறு மாற்றங்களால் பெருமளவில் நீக்கப்பட்ட கோளாறு அது. அந்த மாற்றங்கள் ஏன் தாமதித்தன என்பதே இன்றும் ஆராயத்தக்க விடயமாகும்.

தானியங்கித் துப்பாக்கியின் இயக்கம் ஒரு சுழற்சியாகும். ரவை வெடித்ததும் எழும் வாயுவின் ஒரு பகுதி, ரவை அறையை மூடியிருக்கும் போல்ட் எனும் உருக்குத் துண்டைப் பின்னே தள்ளுகிறது. போல்ட்டிலுள்ள சிறு கொக்கி வெற்றுக் கோதை இழுத்தெடுக்க, அது வெளியே வீசப்படுகிறது. பின்னர் சுருள்வில்லின் விசையால் போல்ட் முன்னே பாய்ந்து, அடுத்த ரவையை அறைக்குள் செலுத்துகிறது. நிமிடத்துக்கு 750 ரவைகள் என்ற வேகத்தில் இவையாவும் ஒரு செக்கனின் பத்திலொரு பங்குக்கும் குறைவான நேரத்தில் நடந்தேற வேண்டும். இவற்றில் ஒன்று சற்று முந்தினாலும் பிந்தினாலும் சுழற்சி தடைப்பட்டுவிடும்.

யூஜின் ஸ்டோனர் என்பவர் ஆர்மலைட் நிறுவனத்தில் வடிவமைத்த ஏஆர்-15 துப்பாக்கியே எம்-16 இன் மூலமாகும். அதன் உரிமையைக் கோல்ட் நிறுவனம் 1959 இல் வாங்கியது. 1963 நவம்பரில் அமெரிக்கத் தரைப்படைக்கும் விமானப்படைக்குமாக ஏறத்தாழ 104,000 துப்பாக்கிகள் கொள்வனவு செய்யப்பட்டன. இந்நிலையில் 1964 இல் ரவையின் வெடிமருந்து மாற்றப்பட்டது. குறித்த வேகத்தை அனுமதிக்கப்பட்ட அமுக்கத்துக்குள் பழைய மருந்தால் எட்டுவது கடினம் எனக் காரணம் கூறப்பட்டது. ஆனால், இத்துப்பாக்கி பழைய மருந்துக்கெனவே இசைவாக்கப்பட்டிருந்தது. புதிய மருந்து சுடும் வேகத்தைக் கூட்டியதுடன், உட்பகுதியில் அதிக கசடையும் படியவிட்டது.

இத்துடன் வேறு இரு குறைகளும் சேர்ந்தன. முந்தைய எம்-14 துப்பாக்கியின் குழலுக்கும் ரவை அறைக்கும் குரோமியம் முலாம் பூசப்பட்டிருந்தது. எம்-16 க்கு அது பூசப்படவில்லை. வியட்நாமின் ஈரப்பதத்தில் அறைச்சுவர் துருப்பிடித்து, வெற்றுக் கோதை இறுகப் பற்றிக்கொண்டது. மேலும், இத்துப்பாக்கிக்கு அதிகம் துப்புரவு தேவையில்லை என்ற எண்ணமும் பரவியிருந்தது. எனவே துப்புரவுக் கருவிகள் போதியளவு அனுப்பப்படவில்லை. சிக்கிய கோதைக் குழலின் முன்புறமாகக் கோலை நுழைத்துத் தள்ளியே வெளியேற்ற வேண்டும். அந்தக் கோல்கூடப் பலரிடம் இருக்கவில்லை.

இதனினும் பாரதூரமான ஒன்றுண்டு. புதிய மருந்தில் துப்பாக்கி குறித்த சுடும் வேக எல்லையை மீறியமையால், ஏற்புப் பரிசோதனைகளைப் பழைய மருந்து கொண்ட ரவைகளால் நடத்துவதற்கு உற்பத்தியாளருக்கு அனுமதி வழங்கப்பட்டது. பரிசோதனைக்கு ஒரு ரவை, போர்க்களத்துக்கு வேறொரு ரவை! களத்திலிருந்து முறைப்பாடுகள் குவிந்தபோது, படையினர் துப்பாக்கியைச் சரிவரத் துப்புரவு செய்வதில்லை என்ற பதிலே முதலில் கிடைத்தது.

1967 இல் மரைன் படைவீரர் ஒருவர் வீட்டுக்கு எழுதிய கடிதம் பத்திரிகையில் வெளியாகி, காங்கிரஸிலும் வாசிக்கப்பட்டது. மடிந்த தோழர்கள் பலரின் அருகில், அவர்கள் திருத்த முயன்று கழற்றிய துப்பாக்கிகள் கிடந்தன என்பதே அதன் சாரம். அதே ஆண்டில் ரிச்சர்ட் ஐகோர்ட் தலைமையிலான பிரதிநிதிகள் சபை உபகுழு விசாரணை நடத்தி, ஒக்டோபரில் அறிக்கை சமர்ப்பித்தது. ரவையின் குறைகளைத் திருத்தாது விட்ட அதிகாரிகளின் செயல் குற்றவியல் அலட்சியத்தின் விளிம்பைத் தொடுவதாக அவ்வறிக்கை கண்டித்தமை குறிப்பிடத்தக்கது.

திருத்தங்களோ மிக எளியவை. போல்ட்டின் பின்னோட்டத்தைத் தாங்கும் பஃபர் எனும் சிறு பாகம் எடை கூட்டி மாற்றியமைக்கப்பட்டு, சுடும் வேகம் தணிக்கப்பட்டது. ரவை அறைக்குக் குரோமியம் முலாம் பூசப்பட்டது. வெடிமருந்தில் கசடுக்குக் காரணமான கல்சியம் காபனேற்றின் அளவு குறைக்கப்பட்டது. துப்புரவுக் கருவிகள் அனுப்பப்பட்டதுடன், பராமரிப்பை விளக்கும் சித்திரக் கையேடொன்றும் படையினருக்கு வழங்கப்பட்டது. இதன்பின் அத்துப்பாக்கி பெரிதும் நம்பகமானதாக மாறி, அதன் வழிவந்த ரகங்கள் பல தசாப்தங்கள் பாவனையில் நீடித்தன.

கொல்லும் கருவியொன்று செம்மைப்படுத்தப்பட்ட வரலாற்றில் மகிழ்வதற்கு ஏதுமில்லை. அத்துப்பாக்கியின் முன்னே நின்ற வியட்நாமியருக்கும் தாய்மாரும் பிள்ளைகளும் இருந்தனர். எனினும் இவ்வரலாறு ஆயுதத்துக்கு மட்டும் உரியதன்று. மருந்து, பாலம், புகையிரதம், மின்மாற்றி என மக்கள் உயிர் தங்கியிருக்கும் அனைத்துக்கும் இது பொருந்தும். ஒரு பாகத்தை மாற்றினால் முழு அமைப்பையும் மீளப் பரிசோதிக்க வேண்டும். அப்பரிசோதனை, பாவிப்பவரின் உண்மையான சூழலில் நடைபெற வேண்டும். கோளாறு பற்றி முதலில் அறிபவர் அதனைக் கையில் ஏந்தி நிற்பவரே. அவரது முறைப்பாட்டை அவரது தவறாகவே திருப்பிவிடும் நிர்வாகம், திருத்தக்கூடிய குறையை மரணமாக வளரவிடுகிறது.

சிறு பாகத்தை மாற்றுவதற்குச் சில மாதங்களே போதுமானவை. ஆனால் அலட்சியம் முழுமையாக வெளிச்சத்துக்கு வருவதற்கு ஒரு சாதாரண சிப்பாயின் கடிதமும் மக்கள் பிரதிநிதிகளின் பகிரங்க விசாரணையும் தேவைப்பட்டன என்பதை, பொறுப்பான பதவிகளில் அமர்ந்திருப்போர் எவரும் மறத்தலாகாது.