நங்கூரம் போட்ட படகில் ஒரு யூனிட் கரண்ட்



மலர்க் குழுவினர் "துறை சம்பந்தமா ஒரு கட்டுரை கொடு" என்று கேட்டபோது டிரான்ஸ்பார்மர் பற்றி எழுதலாம் என்றுதான் நினைத்தேன். அது நம் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. அதனால் எனக்கு நேர்ந்த ஒன்றை எழுதுகிறேன். படகில் நடந்தது. கம்பத்துக்காரனுக்கு ஏது படகு என்று சிரிக்க வேண்டாம். குமுளி மலை ஏறி இறங்கினால் கேரளா. நம்ம ஊர் ஜனங்கள் ஜீப்பில் ஏலத் தோட்டத்துக்குப் போவது போல, என் தாய்மாமா இன்னும் கொஞ்சம் கீழே இறங்கி ஆலப்புழையில் ஒரு படகு வீட்டில் வேலை பார்க்கிறார். நான்காம் செமஸ்டர் விடுமுறையில் ஒரு வாரம் அவரோடு இருந்தேன்.

அந்தப் படகுக்குக் கெட்டுவள்ளம் என்று பெயர். ஆணி இல்லாமல் பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டுவார்கள். ஒரு காலத்தில் குட்டநாட்டு நெல்லைக் கொச்சிக்கு ஏற்றிப் போனவை. லாரிகள் வந்து அந்தப் பிழைப்பு போனபிறகு, மேலே அறைகள் கட்டி இப்போது சுற்றுலாப் பயணிகளை ஏற்றுகின்றன. தைத்த படகு என்பதால் அடியில் கொஞ்சம் கொஞ்சமாக நீர் கசியும். அதை இறைக்க ஒரு சின்ன பம்ப் உண்டு. தண்ணீர் ஏறினால் மிதவை தூக்கிச் சுவிட்ச் போட்டுவிடும். இந்தப் பம்பை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்.

மாலை ஐந்தரை மணி வாக்கில் படகுகள் எல்லாம் ஓட்டத்தை நிறுத்திவிட வேண்டும். அதற்குப் பிறகு காயலில் மீனவர்கள் வலை விரிக்கும் நேரம். நங்கூரம் போட்டோ, கரைத் தென்னையில் கயிறு கட்டியோ நிற்கும். எஞ்சின் நின்றால் அதோடு சுழலும் ஆல்டர்னேட்டரும் நின்றது. அந்த நிமிஷத்திலிருந்து விடியும் வரை, பேட்டரியில் என்ன இருக்கிறதோ அதுதான். ஏசி படகுகளில் இரவு முழுக்க ஜெனரேட்டர் ஓடும். அதனால்தான் ஏசியை இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை மட்டும் தருகிறார்கள். மாமாவின் படகில் ஏசி கிடையாது. ஜெனரேட்டர் அன்று ரிப்பேர்.

படகில் இரண்டு பேட்டரி. எஞ்சின் ஸ்டார்ட் பண்ண 100 ஆம்பியர் ஹவர் ஒன்று. இன்வெர்ட்டருக்கு 150 ஒன்று. பின்னதற்கு வயசாகிவிட்டது. அது சீக்கிரம் படுத்துவிடுகிறது என்று யாரோ ஒரு புண்ணியவான் இரண்டையும் ஒயர் போட்டு இணைத்துவிட்டிருந்தார். கம்பத்திலும் இப்படிச் செய்கிற எலக்ட்ரீசியன்கள் இருக்கிறார்கள், கோபிக்க வேண்டாம்.

விடிகாலை நாலு மணிக்கு ஃபேன் நின்றது. புழுக்கத்தில் கண் விழித்தேன். மாமா டார்ச் அடித்துப் பலகையைத் தூக்கிப் பார்த்தார். கணுக்காலுக்கு மேல் தண்ணீர். பம்ப் முனகுகிறது, ஆனால் நீரைத் தூக்கவில்லை. எஞ்சின் சாவியைத் திருப்பினால் 'டக்... டக்' என்ற சத்தம் மட்டும். உள்ளே இரண்டு குழந்தைகளோடு ஒரு குடும்பம் தூங்குகிறது. நானும் மாமாவும் வாளி வைத்து இறைத்தோம். இறைத்துக்கொண்டே மாமா கேட்டார், "மாப்ள, நீ கரண்டுக்குத்தான படிக்கிற? என்னான்னு பாரு."

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். என் முதல் வருடப் பீஸ் கட்டியது அந்த மாமாதான். எனக்குப் பதில் தெரியவில்லை. ஆறு மணிக்குப் பக்கத்துப் படகுக்காரர் கேபிள் கொண்டுவந்து ஸ்டார்ட் பண்ணிக் கொடுத்தார். பிறகு அன்று பகல் முழுக்க நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அதைத்தான் உங்களுக்குத் தருகிறேன்.

வாட் பெருக்கல் மணி, வாட் ஹவர். அதை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் ஹவர். இவ்வளவுதான் ஃபார்முலா. எல்.இ.டி. பல்பு 7 வாட் வீதம் ஆறு, ஐந்து மணி நேரம்: 210. எட்டுச் செல்போன் சார்ஜ் ஏற, ஒன்றுக்குச் சுமார் 15 வீதம் 120. இதெல்லாம் தூசு. பழைய சீலிங் ஃபேன் 75 வாட், மூன்று ஃபேன், இரவு ஒன்பதிலிருந்து எட்டு மணி நேரம்: 1800! மொத்தம் 2130. இன்வெர்ட்டர் தன் பங்காக நூற்றுக்குப் பதினைந்து தின்றுவிடும் என்று வைத்தால், பேட்டரியிலிருந்து போவது சுமார் 2500 வாட் ஹவர். பன்னிரண்டால் வகுத்தால் கிட்டத்தட்ட 209 ஆம்பியர் ஹவர். நேராகப் பேட்டரியில் ஓடும் பம்பும் நங்கூர விளக்கும் ஐந்தைத் தாண்டவில்லை.

இருப்பு எவ்வளவு? 150 என்று மேலே எழுதியிருக்கிறது. ஆனால் ஈய அமில பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கிக்கொண்டே இருந்தால் தட்டுகளில் சல்பேட் படிந்து கெட்டியாகி, சீக்கிரம் செத்துப் போகும். பாதி என்றால் 75. பன்னிரண்டால் பெருக்கினால் 900 வாட் ஹவர். ஒரு யூனிட்கூட இல்லை நண்பர்களே! நம் வீட்டில் கிரைண்டரும் டிவியும் சேர்ந்து யோசிக்காமல் தீர்த்துவிடுகிற ஒரு யூனிட், அங்கே ஒரு ராத்திரிக்கு முழுசாகக் கிடையாது. லோயர் கேம்ப் பவர் ஹவுஸுக்குப் பெரியாற்றுத் தண்ணீர் பின்னாலிருந்து வந்துகொண்டே இருக்கும். இது மதகு அடைத்த கண்மாய். உள்ளே வரத்து இல்லை, போக்கு மட்டும்தான்.

அதைவிடப் பெரிய தப்பு அந்த இணைப்பு ஒயர். ஸ்டார்டர் மோட்டார் 200 ஆம்பியர் இழுக்கும், ஆனால் மூன்று விநாடிதான். 600 ஆம்பியர் விநாடி; 3600ஆல் வகுத்தால் 0.17 ஆம்பியர் ஹவர். நங்கூர விளக்கு ஒரு மணி நேரம் எரிக்கும் அளவை விடக் குறைவு! அளவு ஒரு செம்புதான், ஆனால் அதை ஒரே வீச்சில் ஊற்ற வேண்டும். வோல்டேஜ் விழுந்துபோன பேட்டரியால் அந்த வீச்சு முடியாது. அதனால்தான் ஸ்டார்ட்டிங் பேட்டரியில் மெல்லிய தட்டுகள் நிறைய வைக்கிறார்கள். ஃபேன், லைட்டுக்குத் தடித்த தட்டு டியூபுலர். இரண்டும் வேறு வேறு ஜாதி. மாமாவிடம் இப்படிச் சொன்னேன்: "மாமா, எஞ்சின் பேட்டரி விதை நெல் மாதிரி. பசிச்சாலும் அதைத் திங்கக் கூடாது." விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர், வேறு விளக்கம் கேட்கவில்லை.

சார்ஜ் ஏற்றும்போது மட்டும் இரண்டும் சேரலாம். அதற்கு ஒரு ரிலே இருக்கிறது. ஆல்டர்னேட்டர் ஓடி வோல்டேஜ் பதின்மூன்றைத் தாண்டினால் இரண்டையும் இணைக்கும், இறங்கினால் தானே பிரிக்கும். ரிலே இல்லாவிட்டால் கையால் திருப்பும் ஒரு சுவிட்ச். அதுவே போதும், திருப்ப மறக்காத ஆள் இருந்தால்.

மாமாவுக்கு ஒரு நம்பிக்கை. ராத்திரி அரை மணி நேரம் எஞ்சினைச் சும்மா ஓடவிட்டால் பேட்டரி ரொம்பிவிடும் என்று. மெதுவாக ஓடும் எஞ்சினில் ஆல்டர்னேட்டர் 15 ஆம்பியர் கொடுத்தாலே பெரிசு. அரை மணிக்கு ஏழரை ஆம்பியர் ஹவர். மூன்று பழைய ஃபேன் அதை இருபது நிமிஷத்தில் குடித்துவிடும். அதோடு, ஈய அமில பேட்டரி கடைசி ஐந்தில் ஒரு பங்கை மிக மெதுவாகத்தான் வாங்கிக்கொள்ளும். சோலார் போடலாமே என்பீர்கள். 300 வாட் பேனல் நல்ல வெயில் நாளில் ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே தரும். ஜூன் மாத மழையில் நம்ப முடியாது. அதே வேம்பநாட்டுக் காயலில், பெரியார் போராடிய வைக்கத்திலிருந்து தவணக்கடவுக்கு 2017 முதல் 'ஆதித்யா' என்ற 75 பேர் போகும் சோலார் படகு ஓடுகிறது. அதில் லித்தியம் பேட்டரி. அதைப் பாதிக்குக் கீழேயும் இறக்கலாம், எடையும் கம்மி. விலைதான் நம்ம கைக்கு எட்டாது.

எதை முதலில் அணைப்பது என்பதிலும் ஒரு முறை உண்டு. ஃபேன், பிறகு செல்போன், பிறகு பல்பு. பம்பையும் நங்கூர விளக்கையும் தொடவே கூடாது. கடலில் மோதலைத் தவிர்க்க 1972இல் வகுத்த சர்வதேச விதிகளில் 30ஆவது விதி, நங்கூரமிட்ட கலம் எல்லாத் திசையிலும் தெரியும் வெள்ளை விளக்கு காட்ட வேண்டும் என்கிறது. இப்போது அதற்கு 3 வாட் எல்.இ.டி. போதும். பழைய 25 வாட் பல்பாக இருந்தால் பன்னிரண்டு மணி நேரத்தில் அது மட்டுமே 25 ஆம்பியர் ஹவர் தின்றிருக்கும்.

சார்ஜ் ஏறும்போது பேட்டரி ஹைட்ரஜன் விடும். காற்றில் நூற்றுக்கு நாலு பங்கு சேர்ந்தாலே தீப்பொறி பட்டால் வெடிக்கும். அந்தப் படகில் பேட்டரிப் பெட்டி சமையல் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தது. முதல் வேலையாக அதை இடம் மாற்றச் சொன்னேன்.

தீபாவளி கழித்து மறுபடி போனேன். மாமா சொல்லிச் சொல்லி, ஓனர் மூன்று ஃபேனையும் 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேனாக மாற்றியிருந்தார். இணைப்பு ஒயரை எடுத்தாகிவிட்டது. புதிய 150 பேட்டரி ஒன்று. நான் கேட்டது இரண்டு. என் கணக்குப்படி ஃபேன் 720, பல்பைக் குறைத்து 112, செல்போன் 120. இன்வெர்ட்டர் தின்பதையும் சேர்த்தால் 93 ஆம்பியர் ஹவர், பம்பும் விளக்கும் ஐந்து. ஆக 98. பாதியான 75ஐத் தாண்டுகிறது.

காலை ஐந்தரைக்கு ஃபேனை எல்லாம் நிறுத்தி, கொஞ்ச நேரம் விட்டு மல்டிமீட்டர் வைத்தேன். முழு பேட்டரி 12.7 காட்டும், பாதி 12.2. வந்தது 12.0. மாமா மீட்டரை எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னொண்ணு கேக்கணும், இல்ல மாப்ள?" என்றார். பிறகு சாவியைத் திருப்பினார். எஞ்சின் ஒரே திருப்பில் பிடித்தது.

- மாணவன், மின்னியல் துறை